மருதாணி அழியுது, டாட்டூ ஏன் அழியலை? தோல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் கணக்கு

வாக்குச்சாவடியிலிருந்து வெளியே வந்து, மை வைத்த விரலோடு செல்ஃபி போட்டிருப்பீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே விரலைக் கவனித்ததுண்டா? தோலில் இருந்த கறை போயிருக்கும். நகத்தில் இருந்த கறை மட்டும் அப்படியே நிற்கும். அது நகத்தோடு சேர்ந்து மெல்ல மேலே நகர்ந்து, சில மாதங்களில் நகவெட்டியில் போய்ச் சேரும்.

1962 பொதுத்தேர்தலிலிருந்து இந்த மையைத் தயாரித்துத் தருவது கர்நாடக அரசின் மைசூரு பெயின்ட்ஸ் நிறுவனம். மையில் இருக்கும் சில்வர் நைட்ரேட், தோலில் உள்ள உப்போடு சேர்ந்து வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். சோப்பு போட்டாலும் போகாது, எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. அப்படியென்றால் மூன்றே வாரத்தில் எப்படிப் போனது?

மை அழியவில்லை. மை ஒட்டியிருந்த தோல் உதிர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

மருதாணியும் இப்படித்தான். கல்யாண வீட்டில் போட்ட மருதாணி சிவந்திருப்பது தோலின் மேல் அடுக்கில் உள்ள இறந்த செல்களில். அந்தச் செல்கள் உதிர உதிர நிறமும் போய்விடுகிறது. உள்ளங்கையில் மேல் அடுக்கு தடிமனாக இருப்பதால், புறங்கையைவிட அங்கே நன்றாகச் சிவக்கிறது.

சரி, அப்போ டாட்டூ? டாட்டூ ஊசி உதிரும் அடுக்கைத் தாண்டி, அதற்குக் கீழே உள்ள உள்தோலில் மையை இறக்குகிறது. அந்த அடுக்கு உதிர்வதில்லை. அங்கே உள்ள மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் இறந்தால் அது விட்ட மையைப் பக்கத்தில் உள்ள இன்னொன்று எடுத்துக்கொள்கிறது என்று 2018-இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது.

இந்தக் கறைகள் சொல்வது ஒரே விஷயம்தான். நீங்கள் 'என் தோல்' என்று நினைப்பது ஒரு முறை செய்து மாட்டிய உறை இல்லை. நிற்காமல் நடந்துகொண்டிருக்கும் வேலை. அந்த வேலை நடக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும் மேல்பரப்பு அல்ல, அடித்தளம். அடித்தளத்தில் பிரியும் செல்கள் பிழைத்திருந்தால் மேலே எது போனாலும் திரும்ப வரும். அவை போய்விட்டால் மேலே எதைப் பூசினாலும் வராது. தீக்காயம், கண்ணில் விழும் சுண்ணாம்பு, சிவப்பழகு கிரீம், ஆறாத வாய்ப்புண் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கணக்குதான்.

தோல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

தோலை இரண்டு பகுதியாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பது மேல்தோல். உடலின் பெரும்பாலான இடங்களில் இதன் தடிமன் ஒரு தாளின் அளவுதான், சுமார் 0.1 மி.மீ. இதற்குள் ரத்தக் குழாயே கிடையாது. கீழே இருப்பது உள்தோல். ரத்தக் குழாய்கள், கொலாஜன், வியர்வைச் சுரப்பிகள், முடியின் வேர்ப்பைகள் எல்லாம் அங்கே. காகிதத்தில் விரல் லேசாகக் கிழிந்து ரத்தமே வரவில்லை என்றால், அந்தக் கிழிசல் மேல்தோலைத் தாண்டவில்லை என்று அர்த்தம்.

மேல்தோலின் ஆகக் கீழே ஒற்றை வரிசையாக அடிச்செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரியும் வேலை இங்கேதான் நடக்கிறது. ஒரு செல் தன் டிஎன்ஏ-வை நகலெடுத்து இரண்டாகிறது. புதிதாக வந்தவற்றில் சில அதே வரிசையில் தங்கும். சில பிடியை விட்டு மேலே கிளம்பும்.

கிளம்பிய செல்லுக்கு அது ஒருவழிப் பயணம். முதலில் பக்கத்துச் செல்களோடு உறுதியாகப் பிணைந்துகொள்கிறது. பிறகு கெராட்டின் என்ற நார்ப்புரதத்தால் தன்னை நிரப்பிக்கொள்கிறது. முடியும் நகமும் இதே கெராட்டினால் ஆனவைதான். அடுத்து, செல்களுக்கு நடுவே கொழுப்பை வெளியேற்றுகிறது. கடைசியில் தன் உட்கருவையே அழித்துக்கொண்டு, தட்டையான ஓடாக மாறி, மேல் அடுக்கில் ஓடு வேய்ந்ததுபோல் படிகிறது. ஓடுகளுக்கு நடுவே உள்ள கொழுப்புதான் சாந்து. நீங்கள் குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போகாமலும், ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும்போது உடலின் நீர் வெளியேறாமலும் காப்பது இந்தச் செத்த செல்களின் சுவர்தான்.

அடியிலிருந்து கிளம்பி உதிரும்வரை இந்தப் பயணத்துக்குச் சுமார் 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் வாங்கும் மாய்ஸ்சரைசர் வேலை செய்வதும் பெரும்பாலும் இந்தச் செத்த அடுக்கில்தான். அதில் தப்பில்லை, சுவரில் விரிசல் விழாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். ஆனால் 'செல்களைப் புதுப்பிக்கும்' என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது, எந்தச் செல்லைச் சொல்கிறார்கள் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். உங்கள் செல்களைப் புதுப்பிக்கும் வேலை நீங்கள் கிரீம் வாங்குவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

எப்போது பிரிய வேண்டும் என்று யார் சொல்வது?

உதிர்வது அதிகமானால் தோல் மெலிந்துபோகும். பிரிவது அதிகமானால் தடித்துப்போகும். வருடக்கணக்கில் இரண்டும் சமமாக நிற்பது எப்படி?

2007-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எலியின் தோலில் செல்களுக்கு அடையாளமிட்டு, அவற்றின் வாரிசுகளை எண்ணினார்கள். அடிச்செல் பிரியும்போது சில சமயம் இரண்டு வாரிசுகளும் அடியிலேயே தங்குகின்றன, சில சமயம் இரண்டும் கிளம்பிவிடுகின்றன, பல சமயம் ஒன்று தங்கி ஒன்று கிளம்புகிறது. ஒவ்வொரு செல்லும் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மொத்தக் கணக்கு மட்டும் சரியாக வருகிறது.

2018-இல் யேல் பல்கலைக்கழகக் குழு உயிருள்ள எலிகளின் தோலை நாள்கணக்கில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, கணக்கு எப்படிச் சரியாகிறது என்பது புரிந்தது. முதலில் ஒரு செல் வரிசையை விட்டுக் கிளம்புகிறது. அந்தக் காலி இடத்தை உணர்ந்த பிறகே பக்கத்துச் செல் பிரிகிறது. உங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஒருத்தர் பேப்பர் போட்டால்தான் அந்த சீட்டுக்கு ஹயரிங். தலைமையகத்திலிருந்து உத்தரவு வருவதில்லை, பக்கத்து சீட்டைப் பார்த்துத்தான் முடிவு.

செல்கள் இழுவிசையையும் உணர்கின்றன. தோலை நாள்பட மெதுவாக இழுத்தால், அடிச்செல்கள் கூடுதலாகப் பிரிந்து புதிய தோலை உண்டாக்கும். பிளாஸ்டிக் சர்ஜன்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல தோலுக்கு அடியில் ஒரு சிறிய பலூனை வைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றி, அங்கே வளர்ந்த கூடுதல் தோலைப் பக்கத்தில் உள்ள தழும்பை மூட எடுத்துக்கொள்வார்கள்.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு சோரியாசிஸ் உதாரணம். நோய் எதிர்ப்பு மண்டலம் தவறான சைகைகளை அனுப்ப, வாரக்கணக்கில் நடக்க வேண்டிய பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. செல்கள் சரியாக முதிராமலே மேலே வந்து குவிவதால் வெள்ளைச் செதில் படிகிறது. இது தொற்று நோய் அல்ல, சுத்தக் குறைவும் அல்ல. அந்த நண்பரோடு தயங்காமல் கை குலுக்கலாம்.

தோலில் மட்டும்தானா இது நடக்கிறது?

இல்லை. உடலின் வெளிப்பரப்பையும் உள்பரப்புகளையும் மூடியிருக்கும் திசுவுக்கு எபிதீலியம் என்று பெயர். தோல், வாய், குடல், நுரையீரல் குழாய்கள், சிறுநீர்ப்பை, கருப்பைவாய், கண்ணின் கருவிழி என எல்லா இடத்திலும் இது இருக்கிறது. வெளியுலகத்தோடு உரசுவது இதன் வேலை என்பதால் தேய்வதும் அதிகம், மாற்றுவதும் அதிகம்.

2021-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு மனித உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் மாற்றப்படுகின்றன. எடையில் சுமார் 80 கிராம். எண்ணிக்கையில் பெரும்பங்கு ரத்தச் செல்கள், அதற்கு அடுத்த இடத்தில் குடல் எபிதீலியம்.

குடலின் உள்சுவரில் குழி குழியாக இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில ஸ்டெம் செல்கள். 2007-இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு அவற்றை அடையாளம் கண்டது. அங்கே பிறக்கும் செல்கள் மேலே ஏறி, உணவை உறிஞ்சும் வேலையைச் செய்து, 3 முதல் 5 நாளில் உதிர்ந்துவிடுகின்றன. போன வாரம் நீங்கள் சாப்பிட்ட பிரியாணியைச் செரித்த செல்களில் பெரும்பாலானவை இப்போது உங்களிடம் இல்லை!

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஓஆர்எஸ் கரைசலோடு டாக்டர் ஜிங்க் மாத்திரையும் எழுதித் தருவார். இரண்டு நாளில் போக்கு நின்றதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004 முதல் பரிந்துரைப்பது 10 முதல் 14 நாள். இந்தியாவில் 14 நாள் கொடுக்கச் சொல்கிறார்கள். செல்கள் பிரியவும் குடல் சுவர் சீராகவும் துத்தநாகம் தேவை. போக்கு நின்றுவிட்டாலும் அந்த வேலை உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும்.

கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் ஏன் பார்வை போகிறது?

கருவிழியின் மேலும் ஒரு மெல்லிய எபிதீலியம் உண்டு. ஒரு வாரம், பத்து நாளில் முழுவதும் புதிதாகிவிடும். தூசி கீறினாலும் சில நாளில் ஆறிவிடுவது இதனால்தான்.

ஆனால் அந்தச் செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் கருவிழியின் நடுவில் இல்லை. கண்ணாடி முன் நின்று பாருங்கள். கருவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கும் இடத்தில் ஒரு வளையம் தெரியும். லிம்பஸ் என்று பெயர். ஸ்டெம் செல்கள் அங்கே இருந்துகொண்டு, புதிய செல்களை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அனுப்புகின்றன.

வெற்றிலைக்கும் புகையிலைக்கும் போடுகிற சுண்ணாம்பு நம் நாட்டில் சிறிய பாக்கெட்டுகளில் விற்கப்படுகிறது. குழந்தைகள் அதை எடுத்து அழுத்தி விளையாடும்போது, அது வெடித்து முகத்தில் பீய்ச்சி அடிக்கிறது. சுண்ணாம்பு கடுமையான காரம். துகள்கள் இமைக்குள் தங்கி அந்த வளையத்தையே எரித்துவிடும். வளையம் போனால் புதிய செல்களும் வராது. கருவிழி மேல் வெள்ளைவிழியின் சவ்வும் ரத்தக் குழாய்களும் படர்ந்து பார்வையை மூடிவிடும். இந்த நிலையில் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை மட்டும் செய்தால் பெரும்பாலும் தோற்றுப்போகும். தானமாக வந்த கருவிழிக்கும் மேலே செல்களை அனுப்ப ஆள் வேண்டுமே!

இதற்கு ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வீரேந்தர் சங்வான் குழுவினர் எளிய வழி ஒன்றைக் கண்டு 2012-இல் வெளியிட்டார்கள். நோயாளியின் நல்ல கண்ணில், லிம்பஸிலிருந்து சுமார் 2 மி.மீ. நீள அகலத்தில் ஒரு துணுக்கு எடுப்பார்கள். அதைப் பத்துப் பொடித் துண்டுகள் வரை நறுக்குவார்கள். பாதிக்கப்பட்ட கண்ணில் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த சவ்வை விரித்து, அதன்மேல் துண்டுகளை நாற்று நடுவதுபோல் பரப்பி, மருத்துவப் பசையால் ஒட்டிவிடுவார்கள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் செல்கள் பரவி கருவிழியை மூடும். இதற்கு முன்பு செல்களை விலை உயர்ந்த ஆய்வகத்தில் வாரக்கணக்கில் வளர்க்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் செல்கள் கண்ணிலேயே வளர்கின்றன. சுருக்கமாக 'ஸ்லெட்' எனப்படும் இந்த முறை இன்று பல நாடுகளில் கையாளப்படுகிறது.

இரண்டு கண்ணிலும் வளையம் போய்விட்டால் எடுப்பதற்கு நல்ல கண் இல்லை. வேறொருவரிடமிருந்து பெற வேண்டும், உடல் அதை நிராகரிக்காமல் இருக்க மருந்தும் வேண்டும். அதனால் முதல் சில நிமிடங்கள்தான் முக்கியம். சுண்ணாம்பு விழுந்தால் கண்ணைக் கசக்கக் கூடாது. விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடக் கூடாது. இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரால் விடாமல் 15 முதல் 30 நிமிடம் கழுவ வேண்டும். கழுவி முடித்த உடனே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிராய்ப்பு ஆறுது, ஆழமான தீக்காயம் ஏன் ஆறுவதில்லை?

பைக்கிலிருந்து விழுந்து முழங்கை சிராய்ந்தால் என்ன நடக்கிறது? காயத்தின் ஓரத்தில் உள்ள அடிச்செல்கள் பிரிந்து உள்ளே நகர்கின்றன. அதோடு, முடி வேர்ப்பைகளின் சுவரும் மேல்தோலின் தொடர்ச்சிதான். அவை உள்தோலுக்குள் ஆழமாக இறங்கியிருப்பதால் சிராய்ப்பில் தப்பிவிடுகின்றன. அங்கிருந்தும் செல்கள் மேலே வந்து பரவுகின்றன. காயத்துக்கு நடுவே புள்ளிப் புள்ளியாகப் புதுத்தோல் முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆழமான தீக்காயம் அந்த வேர்ப்பைகளையும் எரித்துவிடுகிறது. மிஞ்சுவது ஓரம் மட்டும். ஓரத்திலிருந்து ஊர்ந்துவரும் செல்களால் பெரிய பரப்பை மூட முடியாது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகிறார்கள். சுவர் இடிந்த உடலிலிருந்து நீர் வெளியேறும், கிருமி உள்ளே போகும். பலர் இறப்பது தீயால் அல்ல, பிறகு வரும் தொற்றால்.

வழக்கமான சிகிச்சை, அதே நோயாளியின் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து காயத்தில் ஒட்டுவது. எடுத்த இடத்தில் வேர்ப்பைகள் மிச்சமிருப்பதால் அது இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் உடலின் பெரும்பகுதி எரிந்திருந்தால் எங்கிருந்து எடுப்பது?

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் 1975-இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனித மேல்தோல் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் வழியைக் கண்டார்கள். 1983-இல் உடலில் 95 சதவீதத்துக்கு மேல் எரிந்த இரண்டு சிறு சகோதரர்கள் பாஸ்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். எரியாமல் மிஞ்சியிருந்த சிறு துண்டுத் தோலிலிருந்து தகடு தகடாகச் செல்களை வளர்த்து, உடலில் பாதிக்கு மேல் மூடினார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

2015-இல் ஜெர்மனியில் இன்னொரு சிறுவன். சிரியாவிலிருந்து வந்த குடும்பம், வயது 7. மேல்தோலை உள்தோலோடு ஒட்டவைக்கும் புரதம் ஒன்று பிறவியிலேயே பழுது. தொட்டாலே தோல் உரிந்துவிடும். உடலின் பெரும்பகுதியில் மேல்தோலே இல்லாத நிலையில், இத்தாலியின் மிக்கேலே டி லூக்கா குழு அவனிடமிருந்து 4 சதுர செ.மீ. தோலை எடுத்தது. அந்தச் செல்களுக்குள் சரியான மரபணுவைச் செலுத்தி, தகடுகளாக வளர்த்து, உடலின் சுமார் 80 சதவீதத்தில் ஒட்டியது. சிறுவன் பள்ளிக்குத் திரும்பினான்.

அந்தச் சிகிச்சை ஒரு பழைய விவாதத்துக்கும் விடை சொன்னது. ஒட்டிய செல்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு அடையாளம் இருந்ததால், யார் யாருடைய வாரிசு என்று பின்தொடர முடிந்தது. மாதங்கள் போகப் போக பெரும்பாலான செல்வம்சங்கள் மறைந்துவிட்டன. மொத்தத் தோலையும் தாங்கி நின்றது குறைந்த எண்ணிக்கையிலான நீண்ட ஆயுள் ஸ்டெம் செல்களின் வம்சம். 2017-இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது.

இதெல்லாம் எல்லா ஊருக்கும் எட்டும் சிகிச்சை அல்ல. எட்டக்கூடியது தோல் தானம். கண் தானம் தெரிந்த அளவுக்கு இது பலருக்குத் தெரியாது. இறந்து 6 மணி நேரத்துக்குள் தொடை, கால், முதுகிலிருந்து மிக மெல்லிய மேல் அடுக்கு மட்டும் எடுக்கப்படும். உடல் உருக்குலையாது, ரத்தம் வழியாது. ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. கிளிசராலில் பதப்படுத்திக் குளிரில் வைத்தால் 5 ஆண்டு வரை கெடாது. தானமாக வந்த தோல் நிரந்தரமாக ஒட்டாது, சில வாரங்களில் உடல் அதை நிராகரித்துவிடும். ஆனால் அந்தச் சில வாரம் அது கூரையாக நின்று தொற்றைத் தடுக்கும். அதற்குள் நோயாளியின் சொந்தச் செல்கள் வேலையைத் தொடங்கிவிடும். மும்பை சயான் மருத்துவமனை, நவி மும்பை தேசிய தீக்காய மையம், கோவை கங்கா மருத்துவமனை ஆகியவற்றில் தோல் வங்கி உண்டு. டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் 2023-இல் தொடங்கப்பட்டது.

சிவப்பழகு கிரீம் அடித்தளத்தை என்ன செய்கிறது?

மெடிக்கல் ஷாப்பில், "முகம் பளிச்சுனு ஆகும், நைட்டு போடுங்க" என்று ஒரு டியூபைத் தருகிறார்கள். ஒரு வாரத்தில் நிஜமாகவே பளிச்சென்று ஆகிறது. காரணம், அந்த டியூபில் ஸ்டீராய்டு இருக்கலாம். பின்பக்கத்தில் பீட்டாமெதசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள்.

ஸ்டீராய்டு கிரீம் நல்ல மருந்து. எக்ஸிமாவிலும் சோரியாசிஸிலும், டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்குப் போட்டால் பெரிய உதவி. அது செய்யும் வேலைகளில் ஒன்று, அடிச்செல்கள் பிரிவதைக் குறைப்பது. இன்னொன்று, உள்தோலில் கொலாஜன் உற்பத்தியைக் குறைப்பது. தேவையில்லாத முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் அதே வேலைகள்தான் கேடாகின்றன. தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரிய ஆரம்பிக்கும். பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும். வெயிலில் போனால் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து தகிக்கும், அதனால் மறுபடி அதே கிரீம். படர்தாமரைக்குப் போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சை மட்டும் பரவும்.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதற்கு எதிராகத் தனிக் குழு அமைத்துப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தாலும் கவுன்ட்டரில் கேட்டால் கிடைக்கிற நிலைமை முழுசாக மாறவில்லை. நீங்கள் ஏற்கெனவே நாள்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் பதறி ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். டியூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகக் குறைக்கும் வழியைச் சொல்வார்.

நீங்கள் 'சரிசெய்ய' நினைக்கும் அந்த நிறமும் அடித்தளத்தின் காவல்தான். அடிச்செல்கள் மெலனின் துகள்களை வாங்கி, தம் உட்கருவுக்கு மேலே குடைபோல் விரித்து வைத்துக்கொள்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் டிஎன்ஏ-வைத் தாக்காமல் தடுக்கும் குடை அது.

பிரியும் செல்லே ஏன் புற்றுநோய் ஆகிறது?

ஒவ்வொரு முறை பிரியும்போதும் டிஎன்ஏ நகலெடுக்கப்படுகிறது. நகலில் பிழை வரலாம். மேலே கிளம்பிய செல்லில் பிழை வந்தால் கவலையில்லை, சில வாரத்தில் அது உதிர்ந்துவிடும். அடியிலேயே தங்கும் செல்லில் வந்தால் அந்தப் பிழை வாரிசுகளுக்கும் போகும். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை எபிதீலியத்தில் தொடங்க இது ஒரு முக்கியக் காரணம்.

இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று வாய்ப் புற்றுநோய். புகையிலையும் பாக்கும் கன்னத்தின் உள்பக்கத்தில் மணிக்கணக்கில் கிடந்து, அடிச்செல்களைப் புண்படுத்திக்கொண்டே இருக்கின்றன. புகையிலை இல்லாத வெறும் பாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. 'பான் மசாலாதானே, புகையிலை இல்லையே' என்ற சமாதானம் எடுபடாது.

வாயின் உள்தோல் சராசரியாக இரண்டு வாரம், அதற்குச் சற்று கூடுதலான காலத்தில் புதிதாகிவிடும். சாதாரண வாய்ப்புண் அதற்குள் ஆறிவிட வேண்டும். இரண்டு மூன்று வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றாலோ, தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இருந்தாலோ, பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பி-காம்ப்ளக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கருப்பைவாய்ப் புற்றுநோயிலும் இதே வழிதான். அதற்குக் காரணமான ஹெச்பிவி வைரஸ் நுண்ணிய கீறல் வழியாக அடிச்செல்லுக்குள் இறங்குகிறது. அந்தச் செல் பிரியப் பிரிய வைரஸும் பெருகி, மேலே வரும் செல்களோடு வெளியேறுகிறது. பாப் ஸ்மியர் பரிசோதனையில் பார்ப்பது, கருப்பைவாயின் பரப்பிலிருந்து எடுத்த செல்களைத்தான். தடுப்பூசி 9 முதல் 14 வயதில் போடுவதே சிறந்தது. இந்தியாவில் தயாராகும் செர்வாவாக் ஊசி 26 வயது வரை ஆண், பெண் இருவருக்கும் அனுமதிக்கப்பட்டது. உங்களுக்கு இன்னும் 26 தாண்டவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

கீமோதெரபியின் பக்கவிளைவுகளும் இந்தக் கணக்கில் அடங்கிவிடும். பல கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகின்றன. அது புற்றுச் செல்லா, முடிவேர்ச் செல்லா, வாய், குடல் செல்லா என்று அந்த மருந்துகளுக்குத் தெரியாது. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாயில் புண் வருகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது. அடியில் ஸ்டெம் செல்கள் தப்பியிருப்பதால், சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் எல்லாம் திரும்ப வருகின்றன.

அப்போ நீங்கள் என்ன செய்யலாம்?

செல்களைப் பிரியவைக்க நீங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டாம், அது தானாக நடக்கும். அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

வெயிலில் நீண்ட நேரம் இருக்க வேண்டியிருந்தால் குடை, முழுக்கை, சன்ஸ்கிரீன்.

மருந்துச்சீட்டு இல்லாமல் எந்த 'நைட் கிரீமும்' வேண்டாம்.

தீக்காயம் பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம். பேஸ்ட், இங்க், ஐஸ் வேண்டாம்.

வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்கள் இருந்தால், சுண்ணாம்பு பாக்கெட் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

கண் தானத்துக்குப் பெயர் கொடுக்கும்போது, தோல் தானத்துக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வீட்டில் சொல்லி வையுங்கள். 6 மணி நேரம்தான் அவகாசம், போன் செய்ய வேண்டியது அவர்கள்தான்.

அடுத்த முறை ஓட்டுப் போட்டுவிட்டு விரலில் மை வைத்துக்கொள்ளும்போது தேதியைக் குறித்து வையுங்கள். தோலில் உள்ள கறை முழுக்க மறைய எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடியில் வேலை நடந்துகொண்டிருப்பதற்கு அதுவே சாட்சி.